பானை ஆறும் இடம்: டர்பனில் சமைத்து விற்க மூன்று அடுப்படிகள்

கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைச் சாப்பாடு முடிந்து இலை மடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற பெண் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நான் சமைச்சு விக்கலாம்னு இருக்கேன். வீட்டுலயே பண்ணட்டுமா, கிச்சன் வாடகைக்கு எடுக்கட்டுமா? சாட்ஸ்வர்த்துல ஒரு டேக்அவே, அதான் பார்சல் சாப்பாட்டுக் கடை, கைமாறுதாம். அதையே எடுத்துடலாமானும் யோசனை."

அவள் இங்கே, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். பீன்ஸ் கறியில் அவள் கைக்கு நான் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் அவள் கேட்ட மூன்று இடத்திலும் நான் சமைத்து விற்றிருக்கிறேன், மூன்றிலும் கொஞ்சம் பட்டிருக்கிறேன். கையில் எச்சில் இலையோடு சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நினைப்பைக் களைய வேண்டும். வீட்டில் சமைத்தால் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வரமாட்டார், கடை போட்டால்தான் வருவார் என்று நம்மில் பலர் இருக்கிறோம். 2018 ஜூன் 22ஆம் தேதி அரசிதழில் வந்த, உணவு கையாளும் இடங்களின் சுகாதாரம் பற்றிய ஆர் 638 விதிகள் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. விற்பதற்காக உணவைக் கையாளுகிற இடம் எதுவானாலும், அது கராஜாக இருந்தாலும், ஏற்புச் சான்றிதழ் வேண்டும். சி.ஓ.ஏ. (சர்ட்டிஃபிகேட் ஆஃப் அக்செப்டபிலிட்டி) என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். இந்த விதிகளுக்குத் தாய், 1972ஆம் ஆண்டின் 54ஆம் எண் உணவுப்பொருள் சட்டம். அந்தச் சட்டத்தில் விற்பனை என்ற சொல்லுக்குள், காசு வாங்காமல் கொடுப்பதும் அடங்கிவிடுகிறது. கோயில் கமிட்டிக்காரர்கள் இந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு அன்னதான அடுப்பு பக்கம் போனால் நல்லது. அது வேறு கதை.

சான்றிதழ் தருவது நகராட்சி. நமக்கு, டர்பனை ஆளும் எத்தேக்வினி நகராட்சி. விண்ணப்பம் போட்டால் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர் ஒருவர் வந்து இடத்தைப் பார்ப்பார். கை கழுவத் தனித் தொட்டி, சோப்பு, துடைத்து எறிகிற காகிதம். பாத்திரம் கழுவ வேறு தொட்டி. கழிவுநீர் போகும் வழி. எலி நுழையாத கதவு, கழுவினால் சுத்தமாகிற சுவர். கழிவறைக் கதவு சமையலறைக்குள் நேராகத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு ஃப்ரிட்ஜிலும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு தெர்மாமீட்டர். இந்தக் கடைசிப் பொருள் விலை குறைவானது, ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் இருக்காது. அங்கே பொறுப்பில் இருப்பவர் உணவுப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றிருக்கவும் வேண்டும். இதற்கு மேல், சமைத்த சாப்பாடு விற்க 1991ஆம் ஆண்டு வணிகச் சட்டப்படி உரிமம் ஒன்று தனியாக உண்டு. சி.ஓ.ஏ. கையில் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

அந்தக் காகிதம் ஆளுக்கும் இடத்துக்கும் சேர்த்துத் தரப்படுவது. இன்னொருவர் பெயருக்கு மாறாது, இன்னோர் இடத்துக்கும் போகாது. மூன்றாவது வழியைப் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இப்போது, மூன்றையும் எதை வைத்து ஒப்பிடுவது? வாடகை, தூரம், முதல் என்று எல்லாரும் கணக்குப் போடுவார்கள். நானும் போட்டேன். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து இன்று கேட்டால் ஒரே கேள்விதான் கேட்பேன்: பானை எங்கே ஆறும்?

சமைப்பதில் நாம் யாரும் தோற்பதில்லை. ஆட்டுக்கறி வேகாமல் இறக்குகிற தமிழச்சி இந்த ஊரில் இல்லை. வியாதி வருவது இறக்கிய பிறகு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமியின் வித்து இருக்கும். கொதியிலும் அது சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது என்பதுதான் கொடுமை. "நல்லா கொதிக்க வச்சுட்டேன், ஒண்ணும் ஆகாது" என்று நம் அம்மாக்கள் சொல்வது இங்கே பலிக்காது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. கறியிலும் பீன்ஸிலும் பருப்பிலும் வேறொரு கிருமி, குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். அதுவும் வித்தாகப் பதுங்கி, பெரிய பானையின் நடுவில் காற்றுப் படாத சூட்டில் கொழிக்கும்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் ஆபத்து. சுடச்சுடப் பரிமாறினால் 60க்கு மேலே வைத்திருங்கள். ஆறவைத்து எடுத்துப்போவதானால் முதல் இரண்டு மணி நேரத்தில் 60லிருந்து 21க்கு இறங்க வேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்தில் 5க்கு. முழங்கால் உயரப் பிரியாணிப் பானையை மூடி போட்டுத் தரையில் வைத்தால் இது நடக்கவே நடக்காது. ராத்திரி இறக்கியது காலையிலும் நடுவில் கை வைத்தால் சுடும். அதை இரண்டு அங்குல ஆழத்துக்கு அகலத் தட்டுகளில் பரப்ப வேண்டும். பரப்ப இடம் வேண்டும், பரப்பியதை வைக்கக் குளிர்பெட்டி வேண்டும், நின்று பார்க்க நேரம் வேண்டும். இடமும் பெட்டியும் நேரமும் எந்த அடுப்படியில் உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

வீட்டை எடுத்துக்கொள்வோம். டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பாதி வீடுகளுக்குப் பின்னால் ஒரு அவுட்பில்டிங் இருக்கும். மகனுக்குக் கல்யாணமானால் அங்கே குடிவைப்பார்கள், இல்லையென்றால் வாடகைக்கு விடுவார்கள். அதைச் சமையல்கூடமாக மாற்றினால் இருக்கிற வழிகளில் மலிவானது அதுதான். வீட்டு அடுப்படியையே காட்டிச் சான்றிதழ் கேட்பவர்களும் உண்டு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். வந்த அலுவலர் மரியாதையான மனிதர். ஒரே சிங்க்கில் மீனும் கழுவி, கையும் கழுவி, பேரனின் பால் பாட்டிலும் கழுவுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதில் எது உங்கள் கடை, எது உங்கள் வீடு?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. நாய் வேறு நடுவில் வந்து படுத்துக்கொண்டது.

அவுட்பில்டிங்கில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம். தனிக் கதவு, தனித் தொட்டிகள், தனி ஃப்ரிட்ஜ். நேரம் முழுக்க உங்களுடையது. ராத்திரி பதினோரு மணிக்கும் தட்டை மாற்றி வைக்கலாம், யாரும் மீட்டர் ஓட்ட மாட்டார்கள். குறை என்னவென்றால் குளிர்பெட்டி. வீட்டு ஃப்ரிட்ஜ் குளிர்ந்ததைக் குளிராக வைத்துக்கொள்ளச் செய்தது, சூடானதைக் குளிர்விக்கச் செய்ததல்ல. அதற்குள் சூடான தட்டு நான்கை நுழைத்தால் தட்டும் ஆறாது, உள்ளே இருக்கிற பாலும் கெடும். ஐம்பது அறுபது சாப்பாட்டுக்கு மேல் போனால் வீடு தாங்காது என்பது என் அனுபவக் கணக்கு. நிலப் பயன்பாட்டு மண்டல விதிப்படி அந்தத் தெருவில் தொழில் செய்ய அனுமதி உண்டா என்று நகராட்சியில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் புகார் கொடுத்த பிறகு கேட்பது தாமதம்.

வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்றால் காய்ந்த பண்டங்கள்தான். முறுக்கு, மிக்சர், மசாலாத்தூள், ஊறுகாய். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் ஆரம்பித்தால் வருஷச் செலவில் ஒரு பங்கு வந்துவிடும். இதற்கும் சான்றிதழ் வேண்டும், ஆனால் ஆறவைக்கும் தலைவலி இல்லை. பாக்கெட்டில் அடைத்து விற்றால் லேபிள் விதி ஒன்று உண்டு, 2010ஆம் ஆண்டின் ஆர் 146. என்னென்ன சேர்த்திருக்கிறது, கடலையா எள்ளா பாலா கோதுமையா, யார் செய்தது என்று எழுத வேண்டும். கடலை ஒவ்வாத பிள்ளைகள் இப்போது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறார்கள்.

வாடகைக் கிச்சன் பார்க்க ஆசையாக இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேசை, பெரிய பர்னர், புகையை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், எல்லாம் தயார். இடத்துக்கு ஏற்கனவே சான்றிதழ் இருக்கிறது என்று சொல்வார்கள். அது அவர்கள் பெயரில் இருக்கிறது. உங்கள் தொழிலுக்கு உங்கள் பெயரில் வேண்டும். உள்ளே போவதற்கு முன்னால் இதை அலுவலரிடமே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், உரிமையாளர் வாய்ச்சொல் போதாது.

நான் தோற்ற இடம் இதுதான். ஒரு கல்யாணத்துக்கு மரக்கறிப் பிரியாணி ஒப்புக்கொண்டிருந்தேன். மணிக்கணக்கில் வாடகை. எனக்குப் பின்னால் கேக் செய்கிற ஒருவர் கதவருகே வந்து நின்றுகொண்டார். பானையை இறக்கியதும் மூடி போட்டு, துணி சுற்றி, பக்கி என்கிற பிக்கப் வண்டியில் ஏற்றிவிட்டேன். சூடாகவே போய்ச் சேரட்டும் என்று நினைப்பு. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் தாமதம், பேச்சாளர் நால்வர், சாப்பாடு மூன்று மணி நேரம் தள்ளிப்போனது. அந்தப் பானை சூடாகவும் இல்லை, ஆறவும் இல்லை. அன்று ராத்திரி பதினொரு பேருக்கு வாந்தி. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மாவைக் கோயிலில் பார்த்தால் இன்றும் தலை குனிந்துதான் நிற்கிறேன்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். சமைக்கிற நேரத்துக்கு வாடகை கொடுத்தேன், ஆறுகிற நேரத்துக்குக் கொடுக்கவில்லை. வாடகைக் கிச்சனில் எல்லாருமே இதைத்தான் செய்கிறோம். நாலு மணி நேரம் என்று பதிவு செய்து, நாலாவது மணியில் அடுப்பை அணைத்து, அஞ்சாவது நிமிஷத்தில் வெளியே. அலுவலர் அந்த இடத்தை எப்போது வந்து பார்த்தாலும் பளபளவென்று இருக்கும், நூற்றுக்கு நூறு போடலாம். வியாதியோ மூடிய பானைக்குள் வண்டியில் போய்க்கொண்டிருக்கும்.

அதற்காக வாடகைக் கிச்சன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆட்டுக்கறிப் பிரியாணி, நூறு பேருக்கு மேல் என்றால் அதுதான் சரி. இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பதிவு செய்யுங்கள், அதையும் சேர்த்துத் தட்டுக்கு விலை சொல்லுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அங்கே ஆள் உள்ளே நடந்து போகிற குளிர் அறை இருக்கிறதா, அதில் உங்களுக்கென்று ஒரு தட்டு வரிசை தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். இல்லாவிட்டால் ஆறவைக்கவே வேண்டாம்: 60 டிகிரிக்கு மேலே தாங்குகிற சூட்டுப்பெட்டியில் ஏற்றி, போய்ச் சேர்ந்ததும் குத்துத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துப் பரிமாறுங்கள்.

மூன்றாவது, கைமாறும் டேக்அவே. இதைத்தான் அந்தப் பெண்ணின் கணவருக்குப் பிடித்திருக்கிறது. பெயர் இருக்கிறது, வாடிக்கை இருக்கிறது, ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தருகிற ‘பன்னி சாவ்’ வாங்க வரிசையில் நிற்கிறார்கள். சுவரில் கண்ணாடி போட்டுச் சான்றிதழும் தொங்குகிறது. தொங்கட்டும், அது போகிறவருடையது. அவர் போன நாளிலிருந்து அது உங்களுக்கு ஆணியில் மாட்டிய படம். புதிதாக விண்ணப்பித்தால் அலுவலர் அந்த இடத்தை இன்றைய கண்ணோடு பார்ப்பார். முன்னவருக்கு எப்போதோ கிடைத்துவிட்டது என்பதால் உங்களுக்குக் கிடைத்துவிடாது. கழிவறைக் கதவு எங்கே திறக்கிறது, கழிவுநீரில் எண்ணெய்க் கசடைப் பிடிக்கிற கிரீஸ் ட்ராப்பை எப்போது கடைசியாகத் திறந்தார்கள், எக்ஸ்ட்ராக்டர் குழாயில் எத்தனை வருஷத்து எண்ணெய் ஒட்டியிருக்கிறது, காஸ் இணைப்புக்கு இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த நாலையும் பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் "சி.ஓ.ஏ. கிடைத்தால்தான் மீதிப் பணம்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த வரி இல்லாமல் வாங்கினார். பின்சுவரையே உடைத்துக் கழிவறையைத் தள்ளிக் கட்ட வேண்டியதாயிற்று. கடை திறக்கும் முன்பே கைப்பணம் தீர்ந்தது.

ஆனால் ஆறுகிற கணக்கில் இந்த வழியை மிஞ்ச எதுவும் இல்லை. சாவி உங்களிடம், பெரிய குளிர்பெட்டி உங்களிடம், காலையிலிருந்து ராத்திரிவரை ஒரு ஆள் அங்கேயே. டேக்அவேயில் சின்னச் சின்னப் பானையாக நாள் முழுக்க இறக்கிக்கொண்டிருப்பதால் முக்கால்வாசிச் சாப்பாடு ஆறவே போவதில்லை, நேராக ரொட்டிக்குள் போகிறது. மிச்சம்தான் பிரச்சினை. நேற்றைய பீன்ஸ் கறியில் இன்றைய கறியைக் கொட்டுகிற வழக்கம் நம் கடைகளில் பாதிக்கு உண்டு. ருசி கூடுமாம். அந்தப் பானைக்கு வயது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றுக்கும் பொதுவாக இன்னும் இரண்டு, கரண்டும் தண்ணீரும். கரண்ட் வெட்டு 2023இல் எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். கதவைத் திறக்காத ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள். வீட்டில் பிள்ளைகள் திறந்து திறந்து பார்ப்பார்கள், அங்கே அந்த நாலு மணி இரண்டாகிவிடும். தண்ணீர் இதைவிட மோசம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் சொட்டு இல்லை. கை கழுவத் தண்ணீர் இல்லாத அடுப்படிக்குச் சான்றிதழ் இருந்தும் இல்லாததுதான். சொந்த இடமானால் ஜோஜோ என்கிற பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் வைக்கலாம். வாடகைக் கிச்சனில் டேங்க் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

"இன்ஸ்பெக்டர் எப்பவாவதுதானே வர்றார் அக்கா" என்று அவள் கேட்டாள். உண்மைதான். பத்தாயிரம் பேருக்கு ஓர் அலுவலர் என்பது வைத்திருக்கிற அளவு, நாடு அதன் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் காலம் மாறிவிட்டது. 2017, 2018இல் உணவு வழியாகப் பரவும் லிஸ்டீரியா கிருமி வந்து 1,060 பேருக்கு நோய் உறுதியாகி 216 பேர் போய்ச் சேர்ந்தார்கள். 2018 மார்ச் 4ஆம் தேதி சுகாதார அமைச்சர் தொலைக்காட்சியில் பொலோனி என்கிற பதப்படுத்திய இறைச்சியைத் தொடாதீர்கள் என்று சொன்னபோது, பிள்ளைகளுக்குத் தினமும் அதைத்தான் ரொட்டியில் வைத்துக் கட்டிக்கொடுத்த வீடுகள் எங்கள் தெருவில் பத்து இருந்தன. 2024 நவம்பரில், கடைப் பண்டம் தின்று பிள்ளைகள் செத்த பிறகு, அதிபர் ராமபோசா, ஸ்பாசா என்கிற தெருமுனைச் சின்னக் கடைகள் எல்லாம் 21 நாளில் பதிவு செய்ய வேண்டும் என்றார், அப்புறம் கெடு 2025 பிப்ரவரி கடைசிவரை நீண்டது. இப்போது என் வாடிக்கையாளர்கள் விலை கேட்பதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் சான்றிதழ்ப் படம் கேட்கிறார்கள். இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒருமுறை வருவாரோ என்னவோ, இவர்கள் வாரத்துக்கு மூன்று பேர் வருகிறார்கள்.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். டேக்அவேயை இப்போது விடு. அந்தக் கட்டடத்தின் பின்பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். மாமியார் வீட்டு அவுட்பில்டிங்கை ஒழுங்கு பண்ணு. பீன்ஸ் கறி, பருப்பு, முறுக்கு என்று அறுபது சாப்பாட்டுக்குள் நிற்கும் வேலைக்கு அங்கே சான்றிதழ் எடு. கறிப் பிரியாணி ஆர்டர் வந்தால் மட்டும் வாடகைக் கிச்சன், ஆறவும் சேர்த்து மணி வாங்கி, அதற்கும் உன் பெயரில் காகிதம் எடுத்து. இரண்டு வருஷம் கழித்து ஆர்டர் பெருகினால் கடை பார்க்கலாம். அவள் கணவருக்கு முகம் வாடிவிட்டது. பன்னி சாவ் வரிசையை அவர் மனதுக்குள் எண்ணிவைத்திருந்தார் போல.

போன வாரம் ஒத்திகைக்கு ஒரு பானை பீன்ஸ் கறி வைத்தாள். தெர்மாமீட்டர் வாங்கியிருந்தாள். ராத்திரி ஒன்பதே காலுக்குப் போன்.

"அக்கா, ஒரு மணி நேரம் ஆச்சு. 41லதான் நிக்குது."

"எவ்வளவு ஆழத்துல கொட்டின?"

"நாலு அங்குலம் இருக்கும்."

"பாதியை இன்னொரு தட்டுக்கு மாத்து. சிங்க்ல ஐஸ் தண்ணி நிரப்பி அதுல வை, கரண்டியால கிளறிக்கிட்டே இரு."

பத்து மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். 23. இன்னும் கால் மணி நேரம் இருந்தது.